மாஹேபூரில் என் கடை

வணக்கம் நேயர்களே. மொரீஷியஸ் தீவின் மாஹேபூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டுச் சாமான்களும் பரிசுப் பொருட்களும் விற்கும் ஒரு சின்னக் கடையைப் பதினோரு வருடமாக நடத்துகிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. அதைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். ஒரு கூடையிலிருந்து தொடங்குகிறேன்.

வக்வா ஓலைக் கூடையைச் சொல்கிறேன். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'தாந்த்' என்போமே, நம் பாட்டிமார் பஸாருக்குக் கையில் மாட்டிக்கொண்டு போனது. வக்வா என்பது தாழை இனம்தான். ஓலையின் ஓரத்து முள்ளைச் சீவி, காயவைத்து, ஒரே அகலத்தில் கிழித்த பிறகுதான் பின்ன உட்கார முடியும். கடை திறந்த புதிதில் நான் அதை வாங்கி வைக்கவே இல்லை. நம் வீட்டு மூலையில் கிடக்கிற கூடையைக் காசு கொடுத்து யார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தலைநகர் போர்ட் லூயிஸின் மொத்தக் கடையிலிருந்து, அழிந்துபோன டோடோ பறவையின் படம் போட்ட கோப்பை, சாவிக்கொத்து, காந்த வில்லை என்று பெட்டி பெட்டியாக எடுத்து வந்தேன். எல்லாக் கடையிலும் அதே சரக்கு. திங்கட்கிழமைச் சந்தையில் அதையே என்னைவிடக் குறைந்த விலைக்கு விற்றார்கள்.

ஒரு நாள் வயதான பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் ஒரு டோடோ பொம்மையைக் கையில் எடுத்து, "இது இங்கே செய்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பொம்மையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே எல்லாப் பொருளுக்கும் சின்ன அட்டை எழுத ஆரம்பித்தேன். எங்கே செய்தது, யார் செய்தது, எதனால் செய்தது, இவ்வளவுதான். ரஃபியா என்ற பனை நாரில் பின்னிய பைக்கு 'மடகாஸ்கர்' என்றே எழுதினேன். அதனால் ஒரு பைகூட விற்காமல் நிற்கவில்லை. ஆனால் 'மொரீஷியஸ்' என்று எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், அலமாரி ஏறக்குறைய காலி. அப்போதுதான் கூடை பின்னுகிறவர்களைத் தேடிப் போனேன்.

டோடோவை நான் விட்டுவிடவில்லை. இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் துணியில் தைத்துத் தருகிறார்கள். அந்தப் பறவைக்கும் எங்கள் ஊருக்கும் உண்மையிலேயே சொந்தம் உண்டு. 1865இல் மாஹேபூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் என்பவர் பக்கத்திலுள்ள மார் ஓ சோன்ஜ் சதுப்பு நிலத்தில் டோடோ எலும்புகளைக் கண்டெடுத்தார். அட்டையில் இதை இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். வாங்க வருகிற பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படிப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

பவளமும் பெரிய சங்கும் விற்பதை நிறுத்திவிட்டேன். கல் பவளத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். வாங்குகிறவருக்கு அது தெரியாது, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். இன்னொன்று, ப்ளூ பே கடல் பூங்கா எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உயிரோடு பார்த்த ஒன்றை இங்கே விலைச் சீட்டு ஒட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, 2020க்கு வருகிறேன். அதற்கு முந்தைய வருடம் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். நம் மக்கள்தொகையைவிட அதிகம். மார்ச்சில் கொரோனாவால் நாட்டின் எல்லை மூடியது. ஊரடங்கு முடிந்து கடையைத் திறந்தால் தெருவில் ஒரு வெளியூர் முகம் இல்லை. ஜூலை 25 அன்று வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்களுக்குப் பக்கத்திலுள்ள பொயின்த் தெஸ்னி அருகே பவளப் பாறையில் மோதி நின்றது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்தது, சுமார் ஆயிரம் டன். அந்த நாற்றம் கடைத் துணிகளில் ஏறி, துவைத்தும் போகவில்லை. ஊரே கடற்கரையில் கூடியது. கரும்புச் சோகையைத் துணிப் பைகளில் அடைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில் கட்டி, நீளநீளமாகத் தைத்து எண்ணெயைத் தடுக்க மிதவை செய்தார்கள். நானும் கடையில் இருந்த சாக்குத் துணி அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தைக்கத் தெரியும். நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்து தைத்தேன்.

அந்த நான்கு நாளில்தான் என் ஊர்க்காரர்களை எனக்குத் தெரிந்தது. என் கடையைத் தினமும் கடந்து போகிறவர்கள், ஒரு நாளும் உள்ளே வராதவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தைத்த ஒரு அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். "அது டூரிஸ்ட் கடைதானே, நமக்கு அங்கே என்ன இருக்கு?" என்றார். அவர் சொன்னது சரி. கூடையைத் தவிர நம் வீட்டுக்கு வேண்டிய ஒரு பொருள்கூட நான் வைத்திருக்கவில்லை.

அப்புறம் அவர்களிடமே கேட்டுச் சரக்கை மாற்றினேன். குஷன் உறை, மேசை விரிப்பு, ஈ மொய்க்காத சாப்பாட்டு மூடி. தைப்பூசத்துக்குப் பித்தளைச் செம்பு. புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்கக் குத்துவிளக்கு. தாந்த் கூடைக்கு இருந்த கேட்பைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். 2016 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டதால் எல்லோருக்கும் ஒரு நல்ல பை தேவைப்பட்டது, நான்தான் கவனிக்கவில்லை. 2021 அக்டோபரில் எல்லை முழுதாகத் திறக்கும்வரை என் வாடகையைக் கட்டியது அந்தக் கூடையும் செம்பும்தான். பயணிகள் திரும்பி வந்தபோது அவர்களும் அதையே எடுத்தார்கள். ஊர்க்காரர் வாங்குவதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள்.

கடலோரத்தில் கடை வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: உப்புக் காற்றை லேசாக நினைக்காதீர்கள். ஆணி துருப்பிடிக்கும், பித்தளை ஒரே மாதத்தில் கறுக்கும், ஓலையில் பூஞ்சணம் பூக்கும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பேன். கூடைகளைத் தரையில் வைக்கவே மாட்டேன், காற்றுப் படும்படி தொங்கவிடுவேன். நவம்பர் தொடங்கிப் புயல் காலம் முடியும்வரை கீழ்த் தட்டில் தண்ணீர் பட்டாலும் கெடாத பொருள் மட்டும்தான். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவரென்றால், ஓலையும் மரமும் விமான நிலையத்தில் காட்ட வேண்டிய பொருள் என்று பில் போடும்போதே சொல்லிவிடுவேன்.

சென்னையிலிருந்து வந்த ஒருவர் மீதிப் பணத்தை வாங்கி, மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, அதைச் செலவழிக்க மனமில்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மனைவிக்கும் ஒன்று வேண்டும் என்று இன்னொரு நோட்டு கேட்டு வாங்கினார். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நிமிடங்கள் இவை.

கூடை பின்னுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கும் முறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பொருளை வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் தருகிறேன் என்று பல கடைகளில் சொல்வது வழக்கம். கூடை வாங்கத் தொடங்கிய முதல் வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு கூடைக்கு ஓலை தயார் செய்வதோடு சேர்த்து இரண்டு நாள் வேலை. அதைப் பின்னியவர் என் அலமாரி காலியாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இப்போது கையில் வாங்கியதும் பணம். விற்காத கூடை என் பொறுப்பு. அதனால் குறைவாகத்தான் வாங்க முடிகிறது, ஆனால் நல்ல கூடை முதலில் என்னிடம் வருகிறது.

எனக்குக் கூடை தருகிறவர்களில் மூத்தவரைத் தாந்தீன், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். எழுபது வயதைத் தாண்டிவிட்டார், கண் மங்குகிறது. மெல்லிய பின்னலை இப்போது விரலால் தடவித்தான் பின்னுகிறார். கற்றுக்கொடுக்க அவருக்கு ஆசை, கற்றுக்கொள்ள இதுவரை ஒரே ஒரு பெண்தான் வந்திருக்கிறாள். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் கடையின் பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஓலை நான் தருகிறேன், காசு வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது விருப்பம் இருந்தால் மாஹேபூர் வாருங்கள். முள் சீவ ஒரு சின்னக் கத்தி மட்டும் கொண்டு வாருங்கள்.