பூங்கா நீரூற்றை வாழவைப்பது சிற்பியின் கற்பனையா, பராமரிப்பவரின் கையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பராமரிப்பவரின் கையே!

எதிரணித் தோழி ஒரு குத்தல் விட்டார்: "குழாய் அடைப்பு எடுக்கிறவருக்கு யாராவது சிலை வைப்பார்களா?" கைதட்டினீர்கள். பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

மெக்சிகோ நகரம், சாபுல்டெபெக் பூங்கா. அங்கே ஒரு நீரூற்றுச் சிலை. மழைத்தெய்வம் ட்லாலோக், ஓடுகிற கோலத்தில், 30 மீட்டருக்கும் மேல் நீளமாக, குளத்துக்குள் மல்லாந்து கிடக்கிறார். உடம்பெல்லாம் கல் பதிப்பு. முகம் இரண்டு. ஒன்று வானத்தைப் பார்க்கிறது, விமானத்தில் போகிறவர் பார்க்கட்டும் என்று. இன்னொன்று பக்கத்துக் கட்டடத்தைப் பார்க்கிறது. 1951இல் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா செய்தது.

அந்தக் கட்டடத்துக்குள் என்ன? லெர்மா ஆற்றுப் பகுதியிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்த குடிநீர் விழுகிற தொட்டி. ரிவேரா அதன் சுவரில் ஓவியம் தீட்டினார். தரையிலும் தீட்டினார். எங்கே? தண்ணீர்த் தொட்டிக்குள்ளே! மறுபடி சொல்கிறேன், ஊருக்கே போகிற தண்ணீர் இரவும் பகலும் உரசி ஓடுகிற தொட்டிக்குள்ளே! பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கையும் ரப்பர் கரைசலையும் சேர்த்துப் பூசினால் நிற்கும் என்று நம்பினார். நின்றதா? அரித்தது. 1990களில் தண்ணீரை வேறு வழியில் திருப்பினார்கள். பழுதுபார்த்து 2010இல் மறுபடி திறந்தார்கள். மங்கிய கற்பனையை மீட்டது யார் கை?

வெளியே குளமும் அப்படித்தான். வடிகட்டியில் இலை அடைத்தால் பம்ப் காற்றை இழுக்கும். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் பம்பின் சுழல்தண்டில் நீர் கசியாமல் அடைக்கிற சீல் சூடேறிக் கருகும், கசியும். வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு கல்மேல் வெள்ளையாகப் படியும். அவசரப்பட்டு ஆசிட் ஊற்றினால் உப்போடு சிமெண்ட் இணைப்பும் கரையும். அந்த வழியாக நீர் உள்ளே போய்க் கல்லைப் பெயர்க்கும். தண்ணீரை இறக்கிவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தளர்ந்த இணைப்பை அன்றைக்கே பூச வேண்டும். இதைச் செய்ய ஆள் வேண்டும் ஐயா!

தோழி கேட்டார், சிலை வைப்பார்களா என்று. அம்மா, அந்தத் தொட்டிச் சுவரைப் பாருங்கள். திட்டம் போட்ட பொறியாளர்களோடு, சுரங்கம் வெட்டிய தொழிலாளிகளையும் ரிவேரா அங்கே தீட்டியிருக்கிறார். தண்ணீர் வந்து விழுந்த சுரங்க வாய்க்கு மேலே பெரிதாக இரண்டு கைகள். அந்தக் கைகளுக்குக் கீழேதான் ஊர் குடித்த தண்ணீர் பல வருஷம் ஓடியது.