சாப் பேசுவது அடிமையின் விடுதலையையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி அறிஞர்களே, அவையோரே, வணக்கம்.

1841இல் மத்ரித் நகரில் வெளிவந்த ‘சாப்’ என்னும் ஸ்பானிய நாவல் அடிமையின் விடுதலையைப் பேசுகிறதா, அடிமையை உவமையாக்கிப் பெண்ணின் விடுதலையைப் பேசுகிறதா என்பதே இன்றைய வழக்கு. எஜமானின் மகள் கார்லோத்தாவுக்காகத் தன்னையே அழித்துக்கொள்ளும் அடிமை நாயகன் சாப், பெண்மனத்துக்குப் போட்ட கறுப்பு வேடமே என்று எதிரணியினர் வாதிட்டார்கள். அதை மறுக்கவே வந்திருக்கிறேன்.

நூலை எழுதிய ஹெர்த்ரூதிஸ் கோமெஸ் தே அவெயானேதா 1814இல் ஸ்பானியக் குடியேற்றமாகிய கியூபாவில் பிறந்து, 22ஆம் வயதில் ஸ்பெயினுக்குக் கப்பலேறியவர். நூல் வெளிவந்த அதே ஆண்டு எடுத்த கணக்கெடுப்பில், அத்தீவில் வெள்ளையர் ஏறத்தாழ 4,18,000 பேர், அடிமைகளோ ஏறத்தாழ 4,36,000 பேர். எண்ணிக்கையில் மிஞ்சிய அம்மக்களை எண்ணி எஜமானர்கள் அஞ்சிக்கொண்டிருந்த காலத்தில், காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட தாயின் மகனான சாபை, கார்லோத்தாவின் தந்தையுடைய உடன்பிறந்தவருக்கே பிறந்தவன் என்று குறிப்பால் உணர்த்தி, அவளை மணக்க வரும் ஆங்கில வணிகர் மகனைக் காட்டிலும் உயர்ந்த மனிதனாக அவர் நிறுத்தினார். உவமை மட்டுமே தேவைப்பட்டவருக்கு இந்த இரத்த உறவு எதற்கு?

சாப் கலகம் செய்யவில்லை என்பது எதிரணியின் வலுவான வாதம். ஆனால், ஒடுக்கப்பட்டோரைத் திரட்டி ஆயுதம் ஏந்தச் செய்யும் எண்ணம் தனக்கு வந்ததுண்டு என்று அவன், கார்லோத்தாவின் வீட்டில் வளர்ந்த உறவுப்பெண் தெரேசாவிடம் வாய்விட்டே சொல்கிறான். செவ்விந்தியரை அழித்தவர்களின் வழித்தோன்றல்களைக் கறுப்பர்கள் பழிவாங்குவார்கள் என்ற, செவ்விந்திய வழிவந்தவளாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் மூதாட்டி மார்த்தினாவின் வாக்கும் அவன் வழியாகவே நாவலில் ஒலிக்கிறது. அதைக் கேட்ட எஜமான், அண்டைத் தீவிலுள்ள ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கைப்பற்றியதை நினைத்துக் கலங்குகிறார்.

இறுதிக் கடிதத்தில் சாப் பெண்ணையும் அடிமையையும் ஒப்பிடுகிறான். அடிமைக்காவது எஜமானை மாற்றவும் பணம் சேர்த்து விடுதலையை வாங்கவும் வழியுண்டு, மணமான பெண்ணுக்குக் கல்லறையே விடுதலை என்கிறான். விடுதலையை விலைகொடுத்து வாங்கும் வழி கியூபாவில் உண்மையாகவே இருந்தது. மணவிலக்கு ஸ்பெயினுக்கு 1932இல்தான் வந்தது. ஆகவே அது ஒரே பேரரசின் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்த ஒப்பீடு. அடிமைப் பெண்ணின் குரலுக்கு நாவலில் போதிய இடமில்லை என்பதை நானும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சாபின் தாய் சில வரிகளிலேயே மறைந்துவிடுகிறாள்.

நான் அழைக்கும் முதன்மைச் சாட்சி, பேரரசின் தணிக்கை அதிகாரி. 1844இல் அவெயானேதாவின் இரண்டு நாவல்கள் கியூபாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டபோது, திருமணத்தைக் கேள்வி கேட்ட மற்றொரு நாவலின் மீது ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சுமத்தப்பட்டது. ‘சாப்’ மீதோ, தீவின் அடிமைமுறையைக் குலைக்கும் கருத்துகள் கொண்டது என்ற குற்றம். அதே ஆண்டில்தான் அடிமைகளும் சுதந்திரக் கறுப்பர்களும் சதி செய்தார்கள் என்று சொல்லி, ஏணிகளில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். அந்த அடக்குமுறைக்கே லா எஸ்கலேரா, ‘ஏணி’, என்று பெயர் நிலைத்தது. பிளாசிதோ என்ற கவிஞரை மாத்தான்சாஸ் நகரில் ஜூன் மாதம் சுட்டுக்கொன்றார்கள். கவிஞனைச் சுட்ட ஆட்சி, ஒரு வெறும் காதல் கதையைத் துறைமுகத்தில் தடுக்க வேண்டிய தேவை என்ன?

அவெயானேதா தம் முதுமையில் தொகுத்த நூல்வரிசையில் ‘சாப்’ நாவலைச் சேர்க்கவில்லை. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1883இல் ஹவானாவின் இதழ் ஒன்று அதை அச்சிட்டுத் தீவின் வாசகர்களுக்குக் கொடுத்தது. கியூபாவில் அடிமைமுறை முற்றாக ஒழிய அப்போதும் மூன்று ஆண்டுகள் மீதமிருந்தன.