பெயர் மட்டும் வீடு வந்தது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் 25-ஆம் தேதி ஆன்சாக் தினம். மெல்பர்னில் இருக்கும் நம்மில் பலருக்கு அது ஒரு விடுமுறை. மத்தியானம் ஒரு மணி வரை பெரிய கடைகள் திறக்காத நாள், பிறகு எம்.சி.ஜி. மைதானத்தில் ஃபுட்டி ஆட்டம். வந்த புதிதில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அன்று காலை குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தா கோட்டு சூட்டு போட்டு, நெஞ்சில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். புது நாடு, புது ஊர், நாலு பேரோடு பழக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் வாய் நிறைய, "ஹேப்பி ஆன்சாக் டே!" என்றேன்.

இழவு வீட்டு வாசலில் நின்று "இனிய துக்க தின வாழ்த்துகள்" என்று சொன்ன மாதிரி. எனக்கு அது மறுநாள் பள்ளியில் சக ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது. கூசிப்போய்விட்டேன். தாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. "தேங்க் யூ, லவ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த வருஷம் அவரே கதவைத் தட்டி, "விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப முடியுமா?" என்று கேட்டார். அந்தப் பயணத்தில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கடைசியில் நம்ம ஊர் எம்டனும் வரும். எம்டன் என்றால் கோபக்கார மாமனார் இல்லை, கப்பல். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிபோலிக் கரையில் இறங்கின. அந்தக் கூட்டுப் படையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்தான் ஆன்சாக். எட்டு மாதம் பாறையிலும் பள்ளத்திலும் கிடந்து, டிசம்பரில் இரவோடு இரவாகத் திரும்பி வந்தன. ஆமாம், தோல்விதான். வெற்றி பெற்ற நாள் எத்தனையோ இருக்க, தோற்ற கதை தொடங்கிய நாளை இந்த நாடு நினைவு நாளாக எடுத்துக்கொண்டது. அதன்பின் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போன உயிர்கள் இன்னும் அதிகம். அன்று இங்கே மொத்த ஜனத்தொகையே 50 லட்சத்துக்குள். அதில் படையில் சேர்ந்தவர்கள் நாலு லட்சத்துக்கு மேல். திரும்பாதவர்கள் 60,000 பேருக்கு மேல்.

திரும்பாதவர்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்களுடைய உடலும் திரும்பவில்லை. விழுந்த இடத்திலேயே அடக்கம் செய்வது என்பது அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் முடிவு. முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலியர்களில், போர்க்காலத்திலேயே உடல் ஊர் வந்து சேர்ந்தது ஒரே ஒருவருக்கு. கலிபோலியில் சுடப்பட்ட ஜெனரல் பிரிட்ஜஸ். கான்பெராவில் டன்ட்ரூனில் இருக்கிறது அவர் கல்லறை. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். இந்த நாட்டிலிருந்து போருக்கு அனுப்பிய குதிரைகள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அதில் ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று, சாண்டி. அது யாருடைய குதிரை தெரியுமா? அதே ஜெனரலுடையது. நம்ம மரிபினாங்கில்தான் கடைசிக் காலத்தில் புல் மேய்ந்தது.

மற்றவர்களுக்கு என்ன வந்தது? பெரும்பாலும் பாதிரியார் வந்தார். சாவுச் செய்தியை உள்ளூர்ப் பாதிரியார் மூலம் சொல்வது அன்றைய ஏற்பாடு. அவர் தெருவில் நடந்து வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார்களாம், எந்த வாசலில் நிற்கிறார் என்று. அப்புறம் போர்க் கல்லறை ஆணையத்திலிருந்து ஒரு படிவம் வரும். உங்கள் மகனின் கல்லில் என்ன பொறிக்க வேண்டும், 66 எழுத்துக்குள் சொல்லுங்கள், இடைவெளியும் சேர்த்தி. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ். நாமும் தந்தி அடித்தவர்கள்தான். வார்த்தைக்குக் காசு என்று ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறோம். ஒரு தாய் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, போய்ப் பார்க்கவே முடியாத ஒரு கல்லுக்காக எழுத்தை எண்ணியிருப்பாள். பாதி உலகம் கடந்து போவதற்கு அவளிடம் ஏது பணம்?

ஆகவே பெயர் மட்டும்தான் வீடு வந்தது. இதை ஏன் இப்படி அழுத்துகிறேன் என்றால், இங்கே நீங்கள் பார்க்கிற எல்லா நினைவுச் சின்னமும் அந்தப் பெயரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கான பதில்தான்.

சரி, தாத்தாவோடு போன பயணத்துக்கு வருகிறேன். பல்லாரட் பக்கம், அவர் பிறந்த சின்ன ஊர். ஒரு பேக்கரி, ஒரு பப், நாற்சந்தியில் கிரானைட் பீடம். மேலே கல்லால் ஆன சிப்பாய். துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, அதன்மேல் கை வைத்துத் தலை குனிந்து நிற்கிறான். நூறு பேர் இருந்திருப்போம். யாரும் பேசவில்லை. இருட்டில் பனிமூச்சு மட்டும் தெரிகிறது. ஒரு பாட்டி பிளாஸ்டிக் டப்பாவில் ரோஸ்மேரிக் கொத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கோட்டில் குத்திவிடுகிறார். கலிபோலி மலையில் தானாக வளர்கிற செடி அது. என் சால்வையிலும் ஒன்று குத்தினார். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசையை வாசித்தான். ஒரு இடத்தில் சுருதி உடைந்தது. அப்புறம் மௌனம். அந்த மௌனத்தில் ஒரு மேக்பைப் பறவை மட்டும் பாட ஆரம்பித்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், புதிதாகப் போகிறவர்கள் கை தட்டிவிடாதீர்கள்.

தாத்தாவின் இடப்பக்க நெஞ்சில் இரண்டாம் போரில் அவர் வாங்கிய பதக்கங்கள். வலப்பக்கம் அவர் அப்பாவுடையவை. சொந்தமானது இடப்பக்கம், வழிவழியாக வந்தது வலப்பக்கம். அதுதான் இங்கே முறை.

விடிந்ததும் கல்லில் இருந்த பெயர்களைப் படித்தேன். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வந்தது. நம்மவர்களுக்கு உடனே நடுகல் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நடுகல் ஒருவனுக்கானது, அவன் என்ன செய்து விழுந்தான் என்று சொல்லும். இங்கே எந்தச் சாதனையும் இல்லை. வெறும் பட்டியல், பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி. அதில் இன்னொன்றையும் கண்டேன். இறந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. அது இல்லாத பெயர்கள்தான் அதிகம். "அவர்கள் யார்?" என்று கேட்டேன். "திரும்பி வந்தவர்கள்" என்றார்.

உயிரோடு வந்தவனுக்கும் கல்லில் பெயர்! அதற்குக் காரணம் உண்டு. முதல் போரில் இந்நாட்டுப் படையில் வெளிநாடு போன அத்தனை பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள். கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று 1916-லும் 1917-லும் இரண்டு தடவை மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். இரண்டு தடவையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். எனவே போனதே பெரிது என்று எல்லோர் பெயரையும் பொறித்தார்கள். அதனால் யார் போகவில்லை என்பதும் அந்தக் கல்லைப் பார்த்தால் ஊருக்கே தெரிந்தது. அந்தப் பெயர்கள் இல்லாத வீடுகள் எப்படி வாழ்ந்தன என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அப்புறம் தாத்தா, "என் அப்பாவைப் பார்க்கலாம் வா" என்றார். கல்லறைக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். கார் ஒரு நெடுஞ்சாலைக்குப் போனது. இரண்டு பக்கமும் மரங்கள், முடிவே இல்லாமல். பல்லாரட்டின் மரியாதைச் சாலை. 22 கிலோமீட்டர், 3,700-க்கும் மேற்பட்ட மரங்கள். ஒரு மரம் ஒரு ஆளுக்கு. கடைசிவரை கணக்கு டீச்சராக இருந்தவள், சும்மா இருப்பேனா? ஒவ்வொரு பக்கமும் சுமார் 12 மீட்டருக்கு ஒருவர். எண்பதில் போனால் நொடிக்குக் கிட்டத்தட்ட நாலு பேரைக் கடந்து போகிறோம்.

இதை நட்டது அரசாங்கம் இல்லை, பட்டாளம் இல்லை. லூகாஸ் என்ற துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த சுமார் 500 பெண்கள். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள், 1917-லிருந்து 1919 வரை, பணம் திரட்டி, ஆட்களைக் கூட்டி இதைச் செய்து முடித்தார்கள். எந்த வரிசையில் நட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பதவி வரிசை இல்லை, அகரவரிசை இல்லை. யார் முதலில் படையில் சேர்ந்தாரோ அவருக்கு முதல் மரம். கர்னலுக்கு அடுத்து கசாப்புக் கடைக்காரர் மகன், அடுத்து ஒரு நர்ஸ் என்று வரலாம். சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய வளைவும் கட்டினார்கள். அதை 1920-ல் திறந்து வைத்தவர் வேல்ஸ் இளவரசர். அவருக்கு அந்தப் பெண்கள் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தாங்களே தைத்த ஒரு பைஜாமா! பொன்னாடை போர்த்தினோம் என்று நாம் சொல்வோமே, அவர்கள் ராத்திரி உடையையே கொடுத்துவிட்டார்கள். தையல்காரப் பெண்கள் வேறு என்ன கொடுப்பார்கள்? தங்களுக்குத் தெரிந்ததைக் கொடுத்தார்கள்.

தாத்தா காரை ஓரம் கட்டினார். ஒரு எல்ம் மரம். அடியில் எண்ணும் பெயரும் போட்ட சின்ன வெண்கலத் தகடு. ஏப்ரல் கடைசி அல்லவா, இங்கே இலையுதிர் காலம். தகடு முழுக்க மஞ்சள் இலை. அவர் குனிந்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல. "பிரான்சில் போசியேர்ஸ் போர்க்களத்திலிருந்து திரும்பி வந்தார். வந்து முப்பது வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கான்பெராவுக்கு வருவோம். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி பத்து விரலைக் காட்டுகிறார், பத்து நிமிடம்தானாம். சரி, சரி. போர் நினைவகத்தில் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் வெண்கலத்தில் இருக்கின்றன. அங்கேயும் பதவி கிடையாது. பெயர்களுக்குப் பக்கத்தில் ஜனங்கள் செருகியிருக்கும் சிவப்புப் பாப்பிப் பூக்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பழைய சடங்கு என்று நினைத்திருந்தேன். இல்லை, அது 1993 நவம்பரில்தான் தொடங்கியது. பிரான்சிலிருந்து பெயர் தெரியாத ஒரு சிப்பாயின் உடலைக் கொண்டுவந்து அங்கே அடக்கம் செய்தார்கள். அன்று அஞ்சலி செலுத்த நின்ற வரிசை அந்தச் சுவரோரமாகப் போனது. கையில் பூ, பக்கத்தில் பெயர்கள், தகடுகளுக்கு நடுவே இடுக்கு. யாரோ செருகினார்கள். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் ஆகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. அன்று ராபர்ட் கோம்ப் என்ற முதல் போர் முதியவர் போசியேர்ஸ் மண்ணைப் பெட்டியின் மேல் தூவி, "இப்போது வீடு வந்துவிட்டாய், மேட்" என்றார். பெயர் வந்து உடல் வராத நாட்டில், உடல் வந்து பெயர் இல்லாதவன் அவன் ஒருவன்தான்.

அங்கே தினமும் மூடும் நேரத்தில் ஒருவருடைய கதையை மட்டும் சொல்லி லாஸ்ட் போஸ்ட் வாசிக்கிறார்கள். 2013-லிருந்து நடக்கிறது. மறுபடியும் கணக்குப் போட்டேன். நாளைக்கு ஒருவர் என்றால் எல்லோரையும் முடிக்க 280 வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதி இருந்தும், முதல் போருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் போனார்கள். திரும்பி வந்தவர்களுக்கு, மற்ற படைவீரர்களுக்கு அரசு கொடுத்த நிலம் பெரும்பாலும் கிடைக்கவில்லை. இரண்டாம் போரில் டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்களுக்கு முதலில் வெள்ளைச் சிப்பாய்க்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சம்பளம். வேலைநிறுத்தம் செய்தார்கள். பாக்கி கைக்கு வந்தது 1980-களில். அதாவது பல பேருக்கு வரவே இல்லை. வெள்ளையர் குடியேற்றத்தை எதிர்த்துப் பழங்குடியினர் நடத்திய எல்லைப் போர்களில் தங்கள் மண்ணுக்காகச் செத்தவர்களின் பெயரை எந்தச் சுவரில் எழுதுவது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எழுத வேண்டும் என்ற கட்சி நான்.

இரண்டு விரல்தான் இருக்கிறதாம். 'டூ-அப்' என்ற பூவா தலையா சூதாட்டத்தை விட்டுவிடுகிறேன். ஷ்ரைன் என்ற நம்ம மெல்பர்ன் போர் நினைவாலயத்தில் நவம்பர் 11 அன்று விழும் ஒளிக்கற்றையைப் படம் போட்டால்தான் விளக்க முடியும், நேரில் போய்ப் பாருங்கள். ஆன்சாக் பிஸ்கட்டில் முட்டை கிடையாது, ஓட்ஸும் தேங்காய்த் துருவலும்தான். சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதைக் 'குக்கி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனதே, அதே ஜெர்மன் கப்பல். ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் தீவுகள் பக்கம் அதை அடித்து நொறுக்கியது இந்நாட்டின் 'சிட்னி' போர்க்கப்பல். அன்று அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த முதல் படைக் கப்பல் வரிசைக்குக் காவலாகப் போன கப்பல் அது. அந்த வரிசையில் இருந்தவர்களில் பலர்தான் அடுத்த ஏப்ரலில் கலிபோலியில் இறங்கினார்கள். எம்டனின் பீரங்கி ஒன்று இப்போது சிட்னி ஹைட் பார்க்கின் தெற்கு மூலையில், சிக்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அதில் சாய்ந்துகொண்டு போன் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று... சரி, விரலையும் மடக்கிவிட்டார். வணக்கம்.