மிரட்டலுக்குப் பிறகும் அதே வாசலில்: குழந்தைகள் நலப் பணியாளர்களும் அவர்களது உடல்நலமும்

[காட்சி: மூடிய கதவு. கையில் கோப்புடன் ஒரு பெண்.]

வணக்கம். அழைப்பு மணியை அழுத்திய இந்தப் பெண், கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரடி விலகி நிற்பதைக் கவனியுங்கள். வண்டியைத் திருப்பி, சாலையைப் பார்த்தபடி நிறுத்தியிருக்கிறார். உள்ளே அழைத்தால் வாசலுக்கு அருகிலுள்ள நாற்காலியில்தான் உட்காருவார். குழந்தைகள் நலப் பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டால் யாரும் சொல்லித்தராமலே இந்தப் பழக்கங்கள் வந்துவிடுகின்றன. இந்த வீட்டில் ஒரு குழந்தை அடிபடுவதாகத் தகவல் வந்திருக்கிறது. அது உண்மையா என்று பார்க்கவே அவர் வந்திருக்கிறார்.

பணியிட வன்முறையை ஆய்வாளர்கள் நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம்: முன்பின் தொடர்பில்லாத குற்றவாளி செய்வது, சேவை பெறுபவர் செய்வது, உடன் வேலை செய்பவர் செய்வது, சொந்த உறவுகளிலிருந்து வருவது. இரண்டாம் வகையைப் பற்றியதே இந்தக் காணொளி. ஆனால் 'சேவை பெறுபவர்' என்ற சொல் இங்கே அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றே தோன்றுகிறது. நோயாளி பெரும்பாலும் தாமே மருத்துவரைத் தேடிப் போகிறார். இங்கோ, கேட்காத சேவை வீடு தேடி வருகிறது. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, பெற்றோரிடமிருந்தே வரும் வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. 9-ஆம் பிரிவு, குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று உரிய அமைப்பு சட்டப்படி முடிவு செய்தாலன்றி, அந்த முடிவும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதாக இருந்தாலன்றி, பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று வேலை செய்பவரை, அந்த வீட்டார் 'பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர்' என்று மட்டுமே பார்ப்பதில் வியப்பில்லை. பிள்ளையை இழந்துவிடுவோம் என்ற அச்சம் கோபமாக வெளிப்படுகிறது. அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அதனால் அடி அடியில்லை என்று ஆகிவிடாது.

வன்முறை என்றதும் கத்தியும் காயமும் நினைவுக்கு வருகின்றன. அவையும் நடக்கின்றன, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஆயினும் இந்த வேலையில் அன்றாடம் சந்திப்பது வசையும் மிரட்டலும்தான். உள்ளே வந்தவரை வைத்துக் கதவைத் தாழிடுவது, நாயை அவிழ்த்துவிடுவது, கைபேசியில் படம் பிடித்துப் பெயரோடு இணையத்தில் பரப்புவது, வீடு வரை பின்தொடர்வது என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைப்பது அமைதியாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம்: "உன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று எனக்குத் தெரியும்."

[காட்சி: சுவரில் நாட்காட்டி. ஒரு தேதியைச் சுற்றி வட்டம்.]

ஆபத்தை உணர்ந்த கணத்தில் உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தொடர்ந்து கார்டிசோல் என்ற அழுத்த இயக்குநீர் உயர்கிறது. சற்று நேரத்தில் அடங்கிவிட வேண்டிய ஏற்பாடு இது. மிரட்டியவரின் வீட்டுக்கே இரண்டு வாரத்தில் மீண்டும் போக வேண்டும் என்னும்போது அது அடங்குவதில்லை. நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பார்த்தாலே மறுபடி தொடங்கிவிடுகிறது. தூக்கம் கெடுகிறது, தலைவலியும் வயிற்றுக் கோளாறும் நீடிக்கின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் திடுக்கிடுவதும், பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பதும் இதன் தொடர்ச்சியே.

இதில் மற்றொரு சுமையும் சேர்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, கொடுமைகளின் விவரங்களைப் பணியின் நிமித்தம் திரும்பத் திரும்பக் கேட்பதையும் மன அதிர்ச்சிக்கான காரணமாக ஏற்கிறது. குழந்தைகள் மீதான கொடுமையின் விவரங்களை எதிர்கொள்ளும் காவலர்களையே அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. குழந்தைகள் நலப் பணியாளருக்கோ, கோப்பில் படிக்கும் பிறர் காயமும், வாசலில் தமக்கே வரும் மிரட்டலும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

இவற்றையெல்லாம் 'பணிச்சோர்வு' என்று ஒரே பெயரில் அடக்குவது தவறு. உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி.-11 என்ற நோய் வகைப்பாட்டின்படி பணிச்சோர்வு நோயன்று. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் ஆற்றல் வற்றுவதும், வேலையில் பிடிப்பு விட்டுப்போவதும், திறன் குறைவதும் சேர்ந்த நிலை அது. வேலைச்சுமை குறைந்தால் சோர்வு தணியலாம். அச்சம் அப்படித் தணிவதில்லை. தவிர்க்கத் தவிர்க்க அது வலுக்கும்.

அஞ்சிய பணியாளர் அந்த வீட்டில் செலவிடும் நேரம் சுருங்குகிறது. படுக்கையறையைக் காட்டுங்கள் என்று கேட்க நா எழுவதில்லை; குழந்தையிடம் தனியாகப் பேசும் வாய்ப்பு நழுவுகிறது; அறிக்கையில் 'குடும்பத்தார் ஒத்துழைத்தனர்' என்று ஒரு வரி விழுகிறது.

அலுவலகத்தில் சொன்னால், "இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்" என்பார்கள், அல்லது, "நீங்கள் என்ன பேசினீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். பலர் புகாரே அளிக்காமல் விடுவதற்கு இந்தக் கேள்வியைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 2019-இல் ஏற்கப்பட்டு 2021-இல் நடைமுறைக்கு வந்த பணியிட வன்முறையும் துன்புறுத்தலும் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, வெளியாட்களால் வரும் வன்முறையையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அதனுடன் வந்த 206-ஆம் பரிந்துரை, சமூக சேவைப் பணியையும் தனியாகச் செய்யும் வேலையையும் ஆபத்து கூடுதலானவையாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

செய்யக்கூடியவை எளியவை. முன்பு மிரட்டல் வந்த வீட்டுக்கு இருவராகப் போகலாம். அந்த விவரம் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கலாம். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் தேடிப் புறப்பட ஒருவர் பொறுப்பேற்கலாம். சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் நடந்ததை விவரிக்கச் செய்யும் முறை, பிற்கால மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நீடிக்கும் அறிகுறிகளுக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சை பலன் தருகிறது.

[காட்சி: மாலை. அதே பெண், மேசை விளக்கு.]

அறிக்கைப் படிவத்தில் குழந்தையின் எடைக்கும் வீட்டு வருமானத்துக்கும் கட்டங்கள் இருக்கின்றன, மிரட்டலுக்கு இல்லை. 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில், பள்ளியைப் பற்றி அவர் கேட்ட அந்த வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல் மேற்கோள் குறிகளுக்குள் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறிக்கிறார்.