கரும்பைக் கடிக்க முடியாத அண்ணன்: வாய்ப் புற்றுநோயும் பாக்குப் பொட்டலமும்

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். இப்போது எங்கே பார்த்தாலும் கேன்சர், கேன்சர் என்கிறார்களே, என்ன காரணம், பிளாஸ்டிக்கா, பூச்சிமருந்தா, செல்போன் டவரா என்று. உலகம் முழுக்க 2022-இல் மட்டும் ஏறக்குறைய 2 கோடி பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்கிறது. இதில் ஒரு பங்கு, நாம் முன்பைவிட அதிக காலம் வாழ்வதால் வருவது. வயது ஏற ஏற இந்த நோய்க்கான வாய்ப்பும் ஏறும். அதை யாராலும் தடுக்க முடியாது. நம் கையால் தடுக்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேசப் போகிறேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். லோடு வேன் ஓட்டுகிறார். ராத்திரி ஒரு மணிக்குக் காய்கறி ஏற்றினால் விடியும்போது கோயம்பேட்டில் இருக்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்க இருபது வயதிலிருந்து பாக்குப் போடுகிறார். சின்னப் பொட்டலம், பல்லால் கிழித்து அப்படியே வாயில் கொட்டிக்கொள்கிற இனிப்புப் பாக்கு. சிகரெட் கிடையாது, குடி கிடையாது, புகையிலை தொட்டதே இல்லை. எங்கள் பெரியம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. "என் பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, வெறும் பாக்குதான்" என்பார்.

போன பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தோம். அண்ணன் மட்டும் அரிவாள்மணையில் கரும்பைச் சீவி, விரல் கனத்துக்குத் துண்டு போட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஏன் அண்ணா என்று கேட்டேன். "வாய் ஒழுங்கா திறக்க மாட்டேங்குதுடா" என்றார், சாதாரணமாக. அப்புறம் விசாரித்தால், ஒரு வருடமாகவே குழம்பில் காரம் பட்டால் கன்னத்துக்குள் தீப்பிடித்த மாதிரி எரிகிறதாம். ரசமும் மோரும் சாப்பிட்டுக் காலம் தள்ளியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் செய்த சோதனையை நீங்களும் இப்போதே செய்யலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, இப்படி நெட்டுக்குத்தாக, முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று விரலும் போகும். அண்ணனுக்கு இரண்டு விரல்கூட முழுதாகப் போகவில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, தொட்டால் கயிறு ஓடுவது போலத் தட்டுப்பட்டது. சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ், அதாவது வாயின் உள்தோலுக்கு அடியில் நார் சேர்ந்து இறுகிப்போகும் நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

என்ன நடக்கிறது என்றால், பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. தூக்கத்தை விரட்டுவதும் அதுதான், பாக்கை விட்டால் தலைவலியும் சிடுசிடுப்பும் வருவதும் அதனால்தான். அது கன்னத்தில் நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டி நாரை மேலும் மேலும் உண்டாக்க வைக்கிறது. பழைய நாரை உடம்பு கரைக்க வேண்டும் அல்லவா, அதைக் கரைய விடாமல் பண்ணுவது பாக்கின் துவர்ப்பு. ஆவாரம் பட்டையை ஊறவைத்து மாட்டுத்தோலைப் பதனிடுவார்கள், தெரியும்தானே? அதில் இருப்பதும் இதே வகைத் துவர்ப்புதான். வருடக்கணக்கில் கன்னத்துக்குள் பாக்கை ஒதுக்கி வைத்துக்கொள்கிறவர் தன் தோலையே பதனிட்டுக்கொள்கிறார். இதை டாக்டர் சொன்னபோது எனக்கு உடம்பு கூசிவிட்டது.

இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. எர்ணாகுளம் மாவட்டத்தில் இதே நோய் இருந்த 66 பேரை 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஐந்து பேருக்கு, புற்றுநோய் வந்தது.

"புகையிலை சேர்க்காத பாக்குதானே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். 1985-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே புகையிலை கலந்த தாம்பூலத்தை மட்டும்தான் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. 2003-இல் திரும்பக் கூடி, புகையிலை இல்லாத தாம்பூலமும், ஏன், வெறும் பாக்குமே மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு சொன்னார்கள். அதற்குப் பெரிய சாட்சி தைவான். அங்கே பாக்கோடு புகையிலை சேர்க்கும் வழக்கமே இல்லை. ஆனால் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று.

நம் நாட்டில் ஆண்களுக்கு வருவதில் முதலிடமே வாய்ப் புற்றுநோய்க்குத்தான். புகையிலைதான் இதில் பெரிய குற்றவாளி, அதில் சந்தேகமே வேண்டாம். கூடவே குடியும் சேர்ந்தால் ஆபத்து பெருகிக்கொண்டே போகும். தமிழ்நாட்டில் புகையிலை கலந்த பாக்கான குட்காவை 2013-லேயே தடை செய்துவிட்டார்கள். வெறும் பாக்குப் பொட்டலம் மட்டும் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில், மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. என் கோபம் எல்லாம் அங்கேதான். தாத்தா காலத்தில் விருந்து முடிந்ததும் ஒரு தாம்பூலம். வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடிப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகும். பொட்டலத்துக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டாம். அண்ணன் ஒரு நாளைக்கு 15 பொட்டலம் போட்டிருக்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? பாக்குப் போடுகிறவராக இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். தானாக முடியவில்லை என்றால் அரசு பல் மருத்துவமனையில் கேளுங்கள். புகையிலை விட வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. மாதம் ஒரு நாள் கண்ணாடி முன்னால் செல்போன் டார்ச்சை அடித்து நாக்கின் ஓரம், நாக்குக்கு அடி, இரண்டு கன்னம் எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் வலிக்கிறதா என்று பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் நம் ஆட்கள் முற்றவிட்டு வருகிறார்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயைப் பார்க்கிறார்கள், பணம் கிடையாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு டார்ச்சும் பழகிய கண்ணும் போதும்.

அண்ணன் பாக்கை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. இறுகிய நார் பழையபடி முழுதாக இளகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து வாயைத் திறக்கப் பழகுகிறார். ஆரம்பத்தில் 11 குச்சி. நேற்று ராத்திரி லோடு ஏற்றப் போகும் வழியில் போன் பண்ணினார், 14 ஆகிவிட்டது என்று.