கார் கழுவும் தண்ணீருக்கு எவ்வளவு சூடு?

வணக்கம் நேயர்களே. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் காசு போட்டுத் தாங்களே கார் கழுவிக்கொள்கிற இடம் ஒன்றில் தண்ணீர், பொயிலர் வேலைகளை நான் பார்க்கிறேன். நாலு கொட்டில்கள். தை, மாசியில் ஒரு நாள் குளிர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும், வரிசை வீதி வரைக்கும் வந்துவிடும். வரிசையில் நிற்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். “அண்ணை, தண்ணியை இன்னும் கொஞ்சம் சூடாக்கினால் என்ன? உப்புக் கழருதில்லை.”

பனியை உருக்க வீதியில் கொட்டுகிற உப்பு காரில் படிந்துவிடும், அதைத்தான் சொல்கிறார்கள். அந்த உப்புக் கழருவதற்குச் சூடு தேவையில்லை. உறைகிற நிலைக்குக் கிட்டவுள்ள 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும். கொதிக்கிற தண்ணீரில் 39 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். சீனி அப்படியில்லை, சூடு ஏற ஏற இரண்டு மடங்குக்கு மேல் கரையும். ஆறின தேத்தண்ணியில் சீனி அடியில் நிற்பதைப் பார்த்துப் பழகிய நாங்கள் உப்பையும் அதே கணக்கில் வைத்துவிடுகிறோம். வீதி உப்பைப் போக்குவது தண்ணீரின் அளவும், அது படுகிற இடமும்தான். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உட்பக்கம், கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பு, பின் பம்பரின் அடி. இரும்பு அரிக்கத் தொடங்குவது அங்கேதான். ஆனால் பலர் முதல் இரண்டு நிமிடத்தையும் கூரையிலும் பொனற்றிலும் செலவழிக்கிறார்கள், கீழே குனியும்போது நேரம் முடிந்து மணி அடிக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

அப்படியானால் சுடுதண்ணீர் எதற்கு? கதவின் கீழ்ப்பாதியை விரலால் ஒருக்கால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பசை இழுபடும். விரல் போன வழி தெரியும், ஆனால் அழுக்குப் போகாது. எண்ணெய், ரயர்த் தூள், புகைக்கரி எல்லாம் உப்போடு சேர்ந்து படிந்த படலம் அது. வெறும் தண்ணீர் அதன் மேலால் வழுக்கிக்கொண்டு போய்விடும். சவர்க்காரம் வேண்டும், சவர்க்காரம் வேலை செய்ய இளஞ்சூடு வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகும், நுரை நன்றாகப் பரவும். அடுத்தது, காரில் பட்டதும் தண்ணீர் உறைந்துவிடாமல் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

எத்தனை டிகிரி என்றால், தண்ணீர் பீச்சுகிற துப்பாக்கியின் வாயில் 40 செல்சியஸ் அளவு போதும் என்பேன். நான் இதற்கு வந்தது ஒரு பிழை விட்ட பிறகு. முதல் குளிர்காலத்தில் வாடிக்கையாளரின் சொல்லைக் கேட்டு 55 வரை ஏற்றினேன். வெளியே மறை 17. ஒரு தம்பி டாக்சியைக் கொண்டுவந்து நேரே முன் கண்ணாடியில் அடித்தார். கண்ணாடியில் ஏற்கெனவே கல் பட்ட சின்னப் புள்ளி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு கோடு மெதுவாகக் கிளம்பி மறுபக்கம் வரைக்கும் ஓடியதை நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். கண்ணாடிக்கான காசை நாங்கள் கொடுத்தோம். அவருடைய அன்றைய உழைப்பு போனது போனதுதான்.

கையையும் நினைக்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் சுட்டுவிடும். ஒன்ராறியோவில் வீட்டுக் குழாயில் வரும் சுடுதண்ணீருக்கு 49 டிகிரி என்று எல்லை வைத்திருப்பது இதனால்தான். எங்கள் கொட்டிலுக்குள் தகப்பனோடு வருகிற பிள்ளையும் ஆசைக்கு ஒருதரம் துப்பாக்கியைப் பிடிக்கும். அதுதவிர, தண்ணீர் மிகச் சூடாக இருந்தால் கொட்டில் முழுக்க ஆவி மூடி, எதிரே நிற்கிற ஆளே தெரியாது.

செலவுக் கணக்கும் உண்டு. மாரியில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் எங்களுக்கு 4 டிகிரியளவில் வருகிறது. ஒரு துப்பாக்கி நிமிடத்துக்கு 12 லீட்டர் அடிக்கிறது என்று வையுங்கள். 40க்கு ஏற்ற 30 கிலோவாட் வேண்டும், 60க்கு ஏற்ற 47. நாலு கொட்டிலும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த வித்தியாசத்துக்கே இன்னொரு பெரிய பொயிலர் வேண்டியிருக்கும். பம்பின் சீல்களும் சூட்டில் சீக்கிரம் தேயும்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிலர் செய்கிற ஒரு வேலையை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியே 40 போதுமென்றால் சுடுதண்ணீர் நிற்கிற தாங்கியிலும் 40 வைத்தால் மிச்சம்தானே என்று நினைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 20க்கும் 45க்கும் இடையில் தேங்கி நிற்கிற தண்ணீர் லீஜனெல்லா என்ற கிருமிக்கு நல்ல விளைநிலம். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பொதுவாக நோய் வருவதில்லை, அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் நுரையீரலில் வரும். எங்கள் துப்பாக்கி செய்வதே தண்ணீரை நுண்துளியாக்குவதுதான். 2005இல் இதே ஸ்காபரோவில் முதியோர் இல்லம் ஒன்றில் 23 பேரைப் பறித்தது அந்தக் கிருமிதான். அங்கே அது குளிரூட்டும் கோபுரத்திலிருந்து பரவியது. அந்த நாட்கள் இங்கே பழைய ஆட்கள் பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே தாங்கியில் 60, அந்தச் சூட்டில் கிருமி பிழைக்காது. வெளியே போகிற வழியில் கலப்பு வால்வு ஒன்றைப் பூட்டி, குளிர்தண்ணீர் கலந்து 40க்கு இறக்குங்கள். எரிவாயு கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும்.

வால்வை நம்பி மட்டும் நான் விடுவதில்லை. ஒவ்வொரு காலையும் திறக்க முன்னம் நாலு துப்பாக்கியிலும் ஒவ்வொரு வாளி பிடித்து வெப்பமானியை விட்டுப் பார்ப்பேன். இன்று காலை மூன்றாவது கொட்டில் 46 காட்டியது. வால்வைக் கழற்றினேன், உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தது. துப்பரவாக்கிப் பூட்டிய பிறகு 41.

நாளைக்குக் கழுவ வருகிறவர்கள் கீழிருந்து தொடங்குங்கள், கண்ணாடியைக் கடைசிக்கு விடுங்கள். போக முன்னம் கதவு றப்பர்களைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலை கதவு உறைந்து ஒட்டிக்கொண்டு திறக்காது. நன்றி, வணக்கம்.