வசனமில்லாத படமே வீட்டாரை ஒன்றாக இருத்தும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கிளிநொச்சியின் இம்முற்றத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். குடும்பமாக இருந்து பார்த்து மனம் ஆறுவதற்கு உகந்தது வசனம் நிறைந்த படமா, வசனமே இல்லாத படமா என்பது இன்றைய வழக்கு. வசனமில்லாத படமே என்னும் என் தரப்புக்கு ஒரு சாட்சி போதும்: இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மன் கலையகம் களிமண் பொம்மைகளை அசைத்து எடுத்து, 2015 இல் வெளியிட்ட வசனமில்லாத 'ஷோன் த ஷீப்' திரைப்படம்.

பேச்சில்லாவிட்டால் உணர்ச்சி ஏது, அது சின்னப் பிள்ளைகளின் பொம்மை விளையாட்டு என்றார் எதிரணித் தலைவர். அவர் படத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். நாளும் ஒரே மாதிரி நகரும் வாழ்வில் சலித்துப்போன ஷோன் என்ற செம்மறி, வேலி தாண்டும் ஆடுகளை எண்ணவைத்தே பண்ணைக்காரரைத் தூங்கச் செய்கிறது. அவர் உறங்கும் வண்டி உருண்டோடி நகரத்தில் போய் நிற்க, தலையில் அடிபட்டு அவர் நினைவை இழக்கிறார். நினைவு போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. ஆட்டுக்கு மயிர் கத்தரித்த அதே கையால் பிரபலம் ஒருவரின் தலையை வழித்துவிட்டு, நகரமே கொண்டாடும் முடிதிருத்துநராகிவிடுகிறார்!

இத்தனை கூத்துக்கும் நடுவில், அவரைத் தேடி வந்த ஷோன் அவர் முன் போய் நிற்கிறது. அவருக்கு அதை அடையாளம் தெரியவில்லை. ஷோனின் கண்ணும் காதும் தாழ்கின்றன, அவ்வளவுதான். போரில் இடம்பெயரும் வேளையில் பட்டியைத் திறந்து, மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, திரும்பிப் பார்க்கத் துணிவின்றி நடந்தவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். எங்கள் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். எறிகணை வீச்சுக்குப் பிறகு அவருக்குக் காதும் மந்தம். இந்தப் படத்தைப் பார்த்தபோது, ஷோனை அடையாளம் தெரியாத அந்த இடத்தில் அவர், "ஐயோ, அவருக்குத் தெரியேல்லையே" என்று வாய்விட்டுச் சொன்னார். வசனப் படம் ஓடும் நாளில் "என்னவாம், என்னவாம்" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக் கேட்டு, பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுபவர் அவர்.

விடுமுறைக்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த அவருடைய பேரனுக்குத் தமிழ் அரைகுறை, பெரியம்மாவுக்கு ஜேர்மன் மொழி சுத்தமாகத் தெரியாது. செம்மறிகள் மனித வேடமிட்டு உணவகத்தில் அமர்ந்து, அயலவர் செய்வதையெல்லாம் பார்த்துச் செய்யும் காட்சியில் இருவரும் ஒரே கணத்தில் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்கு இருக்கவில்லை.

களிமண் பொம்மை என்று எதிரணியினர் இளக்காரமாகச் சொல்வதையும் விட்டுவிட முடியாது. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைக்காக, பொம்மையைக் கையால் மயிரிழை அளவு அசைத்து அசைத்துப் படம் பிடிக்கிறார்கள். ஒரு கலைஞரின் முழுநாள் உழைப்பு திரையில் சில நொடிகளே தேறும். அந்தப் பொறுமைதான் ஓர் இமை தாழ்வதைக்கூட ஒரு பக்க வசனத்துக்கு ஈடாக்குகிறது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்கு இது பரிந்துரைக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

நகரில் விலங்குகளைப் பிடிப்பவன் செம்மறிகளைத் துரத்தும் பகுதி சற்று நீளம்தான் என்பதை, எதிரணியினர் கேட்குமுன் நானே ஒப்புக்கொள்கிறேன். இனி, காது கேளாத மூதாட்டியும் தமிழ் தெரியாத பேரனும் ஒருங்கே இருந்து சிரிக்கக்கூடிய வசனப் படம் ஒன்றின் பெயரை அவர்கள் சொல்லட்டும். நடுவர் அவர்களே, அதைக் கேட்பதற்காக நான் அமர்கிறேன். நன்றி.